ஆத்தங்கரைத் தெருவுக்கு மாற்று இடம்

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் வேல்விழி வீட்டு அடுப்பு விடியுமுன்னே எரிய ஆரம்பித்துவிடும். லாட்ஜுகளிலிருந்து அருவிக்குப் போகிற குறுக்குப் பாதையில், சித்தாற்றை ஒட்டிக் கிடந்த ஆத்தங்கரைத் தெருவில் ஆறாவது வீடு அவளுடையது. குளித்துவிட்டுக் குளிரில் பல் கிட்டிப்போய் வருகிறவர்கள் ஈரத் துண்டோடு அவள் வாசலில் நின்று சுக்குக் காப்பி வாங்கிக் குடிப்பார்கள். சூடு உள்ளே இறங்கியதும் இட்லி கேட்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவில் இறங்குவதற்குள் நாலு ஈடு இட்லி தீர்ந்துபோகும்.

அவள் புருஷன் பரமசிவன் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அவன் தொழிலும் இருட்டு பிரிகிற நேரத்துத் தொழில்தான். வெயில் ஏறிவிட்டால் எண்ணெய்க்கு உட்கார ஆள் வராது. அடுத்த வீட்டு இசக்கிப்பாண்டி மங்குஸ்தானும் ரம்புட்டானும் தள்ளுவண்டியில் வைத்து விற்றார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. வண்டியைத் துடைத்து அடுக்குவதில்தான் அவருக்குக் குடும்பம் நடத்துகிற அக்கறை. மற்ற வீடுகளில் லாட்ஜு விரிப்பு துவைத்தார்கள், கடைகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள், நேந்திரங்காய் வற்றல் போட்டார்கள். முப்பத்தோரு வீட்டில் ஒருவர்கூடப் பிழைப்புக்குப் பஸ் ஏறினதில்லை.

அந்த டிசம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மலையில் என்ன உடைந்ததோ, ஆறு மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. வேல்விழியின் மகள் அபி எட்டாம் வகுப்புப் படித்தாள். புத்தகப் பையை எடுக்க உள்ளே ஓடியவள் மேல் சுவர் சாய்ந்து கால் மாட்டிக்கொண்டது. கழுத்தளவுத் தண்ணீரில் பரமசிவன் சுவரைப் பிடித்துத் தூக்க, இசக்கிப்பாண்டி வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டி மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு பிள்ளையை இழுத்தெடுத்தார். தெருவில் உயிர்ச்சேதம் இல்லை. இருபத்தாறு வீடுகளுக்குக் கடைக்கால் மட்டும் மிஞ்சியது. அபிக்குக் காலில் கம்பி வைத்தார்கள். அதற்கப்புறம் குழாயில் தண்ணீர் வேகமாக விழுகிற சத்தம் கேட்டாலும் வேல்விழி அபியைத் தேடி ஓடுவாள்.

தென்காசியில் தன் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டு எல்லோரையும் கொண்டுபோய் வைத்தவர் விஸ்வநாதன். இலஞ்சிக்காரர், தோப்பும் வயலும் உள்ள பழைய குடும்பம், குற்றாலத்தில் இரண்டு லாட்ஜுகள். நாற்பது நாள் சோறு போட்டார். அதைத் தெருக்காரர்கள் மறக்கவில்லை. மறக்க விடுகிறமாதிரியும் அவர் பேசவில்லை.

ஒருநாள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். "சென்னையிலருந்து நிழல் ஸ்டூடியோன்னு டிசைன் கம்பெனிக்காரங்க வந்திருக்காவ. வீட்ட அவங்க வரஞ்சு குடுப்பாவ. சிமெண்டு, கம்பி, லாரி, அவங்க தங்க ரூம்பு, சாப்பாடு எல்லாம் நம்ம வர்த்தகர் கூட்டமைப்பு பாத்துக்கிடும். ஒங்களுக்கு எப்படி வேணுமோ அப்படிக் கேளுங்க. கூச்சப்படாதிய."

டிசைன் கம்பெனியிலிருந்து வந்த பெண்ணுக்குப் பெயர் அஃப்ஷான். இருபத்தெட்டு வயதிருக்கும். முதல் நாளே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரிய காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க காலைல எழுந்ததுலேருந்து என்னென்ன செய்வீங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல மேடம். எந்திச்சா அடுப்பு. பொறவு ஆளுக வர ஆரம்பிச்சிருவாவ."

"அடுப்பு எங்க இருக்கணும்?"

இந்தக் கேள்வியை வேல்விழியிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் சமைத்தாள், அவ்வளவுதான். "வாசலப் பாத்து இருக்கணும். ஆவி பறக்கது கண்ணுல பட்டாத்தான் ஒருத்தன் காப்பின்னு கேப்பான்."

"எவ்வளவு உயரம்? நின்னு பண்ணுவீங்களா, உக்காந்தா?"

"நின்னுதான். இந்தா, இம்புட்டு." இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள். அஃப்ஷான் எழுந்துவந்து டேப்பால் அளந்து எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வேல்விழி அந்தப் பெண்ணோடு சேர்ந்துகொண்டாள். எந்த வீட்டில் யாருக்கு மூட்டுவலி, யார் வீட்டில் இரண்டு குடும்பம் என்று சொல்லிக்கொடுத்தாள். பேசாத பெண்களைப் பேசவைத்தாள். கூட்டம் என்றால் "வேல்விழி அக்கா வந்தாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மண்டபத்துப் பாயில் நூறு பேரோடு படுத்துக் கிடந்தவளுக்கு அது பெரிய மதிப்பாக இருந்தது.

இடம் குத்துக்கல்வலசையைத் தாண்டி ஒரு தரிசு. மேடான பூமி, பக்கத்தில் ஆறோ ஓடையோ கிடையாது. போய்ப் பார்த்த அன்றைக்கு வேல்விழி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கன தண்ணி வராது" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே தாள் கொடுத்தார்கள். மாற்று இடத்தில் வீடு பெற்றுக்கொள்வதாகவும், ஆற்றங்கரை இடத்தின்மேல் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் அதில் இருந்தது. அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர் இசக்கிப்பாண்டி ஒருத்தர்தான்.

மண்டபத்துப் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவரிடம் வேல்விழி போய் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, நீங்க மட்டும் போடலயாமே."

"வீடு நல்லாத்தான் இருக்கும் வேலு. நான் வேண்டாம்னு சொல்லல. அங்கன வீடு குடுக்கட்டும். இங்கன உள்ள எடத்த என்னத்துக்கு எழுதிக் கேக்காவ?"

"அது பொறம்போக்கு அண்ணாச்சி. எழுதிக் குடுக்க அதுல நமக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லேன்னா எதுக்குக் கேக்கான்?"

வேல்விழி அங்கிருந்து எழுந்தாள். அஃப்ஷானிடம் போய் அப்படியே கேட்டாள். அஃப்ஷான் கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்தாள். பிறகு எடுத்தாள். "அங்க மரம் நடுவாங்க அக்கா. ஆறு பொங்கினா தண்ணி பரவ இடம் வேணும் இல்லையா? யாரும் வீடு கட்ட மாட்டாங்க. அது நிச்சயம்."

வேல்விழி திரும்பிவந்து சொன்னாள்.

"மரமா?" இசக்கிப்பாண்டி சிரித்தார். "குத்தாலத்துல மரத்துக்கா பஞ்சம்?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணாச்சி, எம்புள்ள காலப் பாத்தியளா? கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு இழுத்தது நீங்கதான? அந்தக் கரையிலயே போயி மறுபடியும் கெடன்னு சொல்லுதியளா? ஒருத்தர் போடாட்டா எல்லாருக்கும் நின்னு போகும்ங்காவ. ஒங்க ஒத்தை வண்டிக்காக நாங்க முப்பது குடும்பம் இந்த மண்டபத்துலயே கெடந்து சாவணுமா?"

இசக்கிப்பாண்டி உரித்த வெங்காயத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "மேடத்துக்காகவும் இல்ல, அந்த முதலாளிக்காகவும் இல்ல. நீ சொன்னதுக்காகப் போடுதேன்" என்றார்.

அடுத்த டிசம்பருக்குள் வீடு எழும்பிவிட்டது; நன்றாகவே இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அறைக்குள் காற்று வந்தது. ஓட்டுக்குக் கீழே சூடு இறங்காமல் இருக்க இன்னொரு தளம். காலை மடக்க முடியாத அபிக்காகக் கக்கூஸில் கைப்பிடி. வேல்விழி வீட்டுக்கு மட்டும் முன்சுவரில் ஒரு பெரிய ஜன்னல் வைத்து, அதன் கீழே அவள் இடுப்பு உயரத்துக்கு அடுப்பு மேடை கட்டியிருந்தாள் அஃப்ஷான். பலகையைத் தூக்கி நிறுத்தினால் கடை. சாவி கொடுத்த அன்றைக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வேல்விழி அழுதாள்.

குடியேறிய மறுநாள் விடியுமுன்னே அடுப்பைப் பற்றவைத்துப் பலகையைத் தூக்கினாள். எதிரே முள்ளுக்காடு. அதற்கு அப்பால் இன்னும் தார் போடாத ரோடு. வெளிச்சம் வந்தபிறகு ஒரு கிழவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீடுகளில் ஆளுக்கு இரண்டு இட்லி வாங்கினார்கள். நாலாம் நாள் அதுவும் நின்றது. அவரவர் வீட்டிலும் அடுப்பு இருந்ததே.

குற்றாலத்துக்கு முதல் பஸ் ஆறேகாலுக்கு. பரமசிவன் அருவிக்கரையில் இறங்கும்போது எண்ணெய்க்கு உட்காருகிறவர்கள் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாள் அங்கேயே கடை வாசல்களில் சுருண்டு படுத்துப் பார்த்தான். எழுப்பி விரட்டினார்கள். பிறகு தென்காசிப் பக்கம் கட்டட வேலைக்குக் கலவை போடப் போனான். மங்குஸ்தான் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற ஒரு கண்டக்டர் விட்டால் இன்னொரு கண்டக்டர் விடமாட்டான். இசக்கிப்பாண்டி வண்டியை விற்றுவிட்டு வேலைதேடிப் போனார் என்றார்கள். அவர் வேல்விழி வீட்டுப் பக்கம் வருவதில்லை. வேல்விழி பக்கத்து ஊர்ப் பெண்களிடம் உட்கார்ந்து பீடி சுற்றப் பழகினாள். சின்ன வயதிலேயே பழகவேண்டிய கை வேலை அது. அவள் சுற்றியதைப் பாதிக்குப் பாதி கழித்துப் போட்டார்கள்.

மறுபடியும் ஜூன் வந்தது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இந்தத் தரிசில் வெறும் காற்றுதான். மாவுச் சட்டியைத் திறந்தால் மண். மேற்கே மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு சனிக்கிழமை இரண்டு தூக்குவாளி இட்லியும் ஒரு பாத்திரம் சுக்குக் காப்பியும் எடுத்துக்கொண்டு முதல் பஸ் ஏறினாள். போனதும் பழைய இடத்தில் மரத்தடியில் வைத்து விற்கலாம் என்று எண்ணம்.

ஆற்றங்கரை அடையாளம் தெரியவில்லை. கருங்கல் சுவர் கட்டி, வழவழப்பான தளம் போட்டு, நடக்க ஒரு பாதை. பாதையை ஒட்டி வரிசையாக மரப்பலகைக் கடைகள். தோசை, மோமோ, ஐஸ்கிரீம். வாசலில் ஒரு பலகை: 'வெள்ளம் தாங்கும் பொதுவெளி. வடிவமைப்பு: நிழல் ஸ்டூடியோ. உதவி: வர்த்தகர் கூட்டமைப்பு.' ஈரத் துண்டோடு ஜனங்கள் கடைகடையாக நின்று தின்றுகொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக ஒரு மரத்தடியில் பாத்திரத்தை இறக்கினாள்.

"இங்கன வைக்கக் கூடாது."

குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். இசக்கிப்பாண்டி.

"அண்ணாச்சி, நீங்களா?"

"ஆமா. காண்ட்ராக்ட்காரன் சேத்துக்கிட்டான். பழைய ஆளு, எடம் தெரியும்னு."

வேல்விழி அந்த வரிசையையே பார்த்தாள். "நம்ம வீடெல்லாம் எங்கன இருந்துச்சுன்னே தெரியல அண்ணாச்சி."

"எனக்குத் தெரியும். ஒன் வீடு அந்தா, தோசைக்கடை. எங்க வீடு கக்கூஸு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கழுவுதாங்களான்னு பாக்கதுதான் எனக்கு வேலை."

"மரம் நடுவோம்னுதான சொன்னாவ."

"நட்டிருக்காவளே. பதினோரு மரம். நாந்தான் தண்ணி ஊத்துதேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சமாதானமாக இருந்திருக்கும். "ஒரு பத்து நிமிசம் அண்ணாச்சி. கொண்டுவந்தத வித்துட்டுப் போயிருதேன்" என்றாள்.

"கேமராவுல பாப்பான் வேலு. எனக்கு இதுவும் போச்சுன்னா பொறவு எங்க போவேன்?"

பாத்திரத்தை அவரே தூக்கினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முன்னால் நடந்தார். இறக்கி வைத்ததும் ஒரு காப்பி கேட்டார். அவள் ஊற்றிக் கொடுத்தாள். நின்று நிதானமாகக் குடித்தார். "சுக்கு கூடிப்போச்சு" என்று சொல்லி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே வேல்விழி அஃப்ஷானுக்குப் போன் போட்டாள்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? அபி கால் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கா. ஆத்தங்கரைக்குப் போயிருந்தேன் மேடம்."

வேல்விழி கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அது எங்க ஆபீஸ்ல வேற டீம் பண்ணினதுக்கா" என்றாள் அஃப்ஷான்.

"ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள் அஃப்ஷான். "ரெண்டும் ஒரே ஒப்பந்தம்தான்க்கா. கரை கிடைச்சாத்தான் வீட்டுக்கு உதவுவோம்னு அவங்க முதல்லயே சொல்லிட்டாங்க. அது இல்லன்னா வீடே வந்திருக்காது. நான் வீட்ட நல்லா செஞ்சு குடுத்துடணும்னு நெனச்சேன். எனக்கு முடிஞ்சது அதுதான்."

"அடுப்பு எத்தன அடி ஒசரம்னு அளந்து அளந்து கேட்டிய மேடம். இத ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அஃப்ஷான் அழுகிற மாதிரி இருந்தது. வேல்விழி போனை வைத்துவிட்டாள். அழுகிறவளைத் தேற்றுகிற வேலையும் தன் தலையில் விழுந்துவிடும் என்று பயந்தாள்.

பத்து நாள் கழித்து விஸ்வநாதன் காரில் வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, அபியிடம் எந்த வகுப்பு என்று விசாரித்தார்.

"பண்பொழிப் பக்கம் ஓடைக்கரையில ஒரு தெரு, போன மழையில போச்சும்மா. அவங்களுக்கும் இதே மாதிரி செஞ்சு குடுக்கலாம்னு இருக்கோம். ஞாயித்துக்கெழம வீடு பாக்க வருதாவ. நீ ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லணும். நாங்க சொன்னா நம்ப மாட்டாவ. ஒன்ன மாதிரி ஒருத்தி சொன்னா நம்புவாவ." வாசல் பக்கம் திரும்பினார். "பரமசிவன் கலவ போடப் போறானாமே. ஆத்தங்கரைல மசாஜுக்கு ஒரு மேட ஒதுக்கப்போறோம். அவனப் போடச் சொல்லுதேன். அங்கனயே படுத்துக்கிடலாம்."

"சார், அந்தத் தோசைக்கடை எங்க வீடு இருந்த எடம்."

"அப்படியா? எனக்குத் தெரியாதும்மா. நான் பிளான்ல நம்பரத்தான் பாத்தேன்" என்றார் விஸ்வநாதன். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த பரமசிவன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கையையும் அவள் முன்னால் விரித்தான். சிமெண்டு தின்று தோல் வெடித்து, விரல் நுனியில் ரத்தம் கன்றியிருந்தது.

"பத்தொம்பது வருசம் எண்ணெயிலயே கெடந்த கை வேலு. ஆளுக கண்ண மூடித் தூங்கிருவாவ. இன்னும் ரெண்டு மாசம் போனா இந்தக் கைய எவன் ஒடம்புல வைக்க முடியும்? நீ பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வீடு ஒழுகுதா? ஒழுகல. அதச் சொல்லு."

"சொல்லாம விடுதது பொய்யில்லையா?"

"அப்ப நீயே கலவ போடப் போ" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். பெண்கள்தான் கூடுதல். சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து மூடினார்கள். கேமராக்காரன் ஒருத்தன் வேல்விழியை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினான். அவள் சொன்னாள்: "வீடு நல்லாருக்கு. ஒழுகாது. வெள்ளம் வருமோன்னு பயமில்ல. புள்ள படிக்க எடம் இருக்கு." எல்லாம் நிஜம். விஸ்வநாதன் தலையாட்டினார்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, மாரித்தாய் என்று பெயர் சொன்னவள், அடுக்களை பார்க்கவேண்டும் என்று வேல்விழியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவளுக்கும் வேல்விழியின் வயதுதான் இருக்கும்.

"மைனி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க தெருவுல எல்லாரும் போட்டாச்சு. ஒருத்தரு மட்டும் மாட்டேன்னு நிக்காரு. எனக்கு அண்ணன் மொற. இங்கன நீங்கதான் எல்லாரையும் பேசிச் சம்மதிக்க வச்சியளாமே, சார் சொன்னாவ. எப்படிப் பேசினிய?"

வேல்விழி அடுக்களைக் கதவைச் சாத்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் நேரத்தையும் பரமசிவன் கையையும் கழித்துப்போட்ட பீடியையும் தோசைக்கடையையும் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் விசிலையும் மூச்சுவிடாமல் சொன்னாள். மாரித்தாய் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டாள்.

"அவர விட்டுருங்க. அவரு ஒருத்தராவது நிக்கட்டும்" என்றாள் வேல்விழி. "அவரு நின்னாத்தான் ஒங்க எல்லாருக்கும் பேச ஒரு பிடி இருக்கும்."

மாரித்தாய் சுவரிலிருந்து நிமிர்ந்து, "இத வெளிய வந்து சொல்லுதியளா? அவ்வள பேரும் இருக்காவ. நான் சொன்னா நம்ப மாட்டாவ மைனி" என்றாள்.

வேல்விழி கதவைத் திறந்தாள். வெளியே பரமசிவன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு விஸ்வநாதன் பக்கத்தில் நின்றிருந்தான். வெடித்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். எல்லோருக்கும் கலர் சோடா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா, வேற ஏதும் சொல்லணுமா?" என்று கேமராக்காரன் கேட்டான்.

"இல்ல" என்றாள்.

வேன் கிளம்புகிறவரைக்கும் மாரித்தாய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்விழி தலையைத் தூக்கவில்லை.

பரமசிவனுக்கு மேடை கிடைத்தது. வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து போனான். கொஞ்சம் கொஞ்சமாகக் கை ஆறியது.

ஆடி முடிகிற சமயத்தில் விஸ்வநாதன் அந்தப் பக்கமாக வந்தவர் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு கூப்பிட்டார். முகம் சந்தோஷமாக இருந்தது.

"பண்பொழி வேலை ஆரம்பிச்சாச்சும்மா. ஒருத்தரு முரண்டு பிடிச்சாரு பாத்துக்கோ, அவரும் போட்டுட்டாரு. மாரித்தாய்னு ஒரு பொம்பள, அவதான் பேசிச் சம்மதிக்க வச்சா. ஒன்ன மாதிரியே கெட்டிக்காரி."

வேல்விழி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். மாரித்தாய் எல்லாம் தெரிந்துகொண்டுதான் போயிருந்தாள். அவள் வீட்டிலும் யாராவது கையை விரித்துக் காட்டியிருப்பார்கள்.

"அவரு பேரென்ன சார்?"

"யாரு?"

"கடைசியாப் போட்டவரு."

விஸ்வநாதன் யோசித்துப் பார்த்தார். டிரைவரிடமும் கேட்டார். இருவருக்கும் தெரியவில்லை.